பெயர் கூப்பிட்டும் எழாதவருக்காக

அன்புள்ள பாப்பாவுக்கு,

சித்தப்பா எழுதுவது. நீ நீதித்துறை நடுவராகப் பொறுப்பேற்ற சேதி வந்ததிலிருந்து எனக்கு உன் பெரியப்பா நினைப்பாகவே இருக்கிறது. உனக்குச் சொல்லாமல் வைத்திருந்த ஒன்றை இப்போது சொல்லிவிடுகிறேன்.

அப்போது உனக்கு 3 வயது. பெரியப்பா கும்பகோணம் கடைத்தெருவில் நின்ற ஒரு பால்காரரின் சைக்கிளைத் தன்னுடையது என்று நினைத்து ஓட்டி வந்துவிட்டார். வழக்காகி, ஜாமீனில் அழைத்து வந்தோம். காதில் யாரோ பேர் சொல்லிக் கூப்பிடுவதாக ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து வாசலுக்கு ஓடுகிற காலம் அது. "யாரு கூப்பிட்டாலும் எந்திரிக்காத ராசா. நான் வந்து தோளத் தொட்டாத்தான் எந்திரிக்கணும்" என்று அப்பாயி சொல்லிச் சொல்லிப் பழக்கியிருந்தார்.

வாய்தா அன்று நான் வக்கீலைத் தேடிப் போயிருந்தேன். கோர்ட் சேவகரான டவாலி வாசலில் நின்று 3 முறை கூப்பிட்டிருக்கிறார். அண்ணன் பத்தடி தள்ளி வேப்பமரத்தடியில், சலவை வேட்டியோடு, தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தார். ஒவ்வொரு கூப்பாட்டுக்கும் இன்னும் கொஞ்சம் குனிந்தாராம், பக்கத்தில் இருந்தவர் சொன்னார். ஆஜராகவில்லை என்று பிடிவாரண்டு. வாரண்டை ரீகால் செய்து வெளியே கொண்டுவர 11 நாள் ஆனது. உள்ளே ஒரு வேளை மாத்திரைகூடப் போகவில்லை. திரும்பி வந்தவருக்கு என்னை அடையாளம் தெரியவில்லை.

மனநிலை சரியில்லாதவர் என்று தோன்றினால் முதலில் அதை விசாரித்து மருத்துவரிடம் காட்ட, பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 328-ஆவது பிரிவிலேயே வழி இருந்தது. இன்று அது, அந்தச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 367. உள்நோயாளியாக வைக்கத் தேவையில்லை, சொந்தக்காரர் வைத்தியம் பார்க்கப் பொறுப்பேற்கிறார் என்றால் 369-இன் கீழ் ஜாமீன் தரலாம். 2018 மே மாதம் நடைமுறைக்கு வந்த மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 102-ஆவது பிரிவு, அப்படி ஒருவர் உன் முன்னால் வந்தால் அரசு மனநல மருத்துவமனைக்கு அனுப்பவும், பரிசோதனைக்காக 10 நாள் வரை சேர்க்கவும் உனக்கு அதிகாரம் தருகிறது. திருவிடைமருதூர் கோயிலில் கிழக்கு வாசலில் நுழைந்தவர்கள், பிடித்த தோஷம் அங்கேயே நிற்கட்டும் என்று, அந்த வழியே திரும்பாமல் வேறு வாசலால் போவார்களே, அப்பாயி அண்ணனை அங்கே எத்தனை தடவை கூட்டிப் போயிருக்கிறார்! உன் கோர்ட்டின் அந்த இன்னொரு வாசல் 102தான்.

நோய் இருந்தால் எல்லாம் தள்ளுபடி என்று நான் கேட்கவில்லை. பால்காரருக்கு அன்றைய பிழைப்பு போனது நிஜம். அவருக்கும் பதில் சொல்லத்தான் வேண்டும்.

ஆனால் பேர் கூப்பிட்டு ஆள் வராவிட்டால், பேனாவை எடுக்குமுன் மரத்தடியை ஒரு தடவை பார்த்துவரச் சொல். வாய்தா போடும்போது ஆஸ்பத்திரிக்குப் போகிற நாளோடு மோதுகிறதா என்று கேள். மருந்துச்சீட்டோடு வருகிற அம்மாவைக் கூண்டுக்குப் பக்கத்தில் நிற்கவிடு. வக்கீல் இல்லாதவரிடம் இலவச சட்ட உதவி உண்டு என்று நீயே வாய்திறந்து சொல். சிறைக்கு அனுப்பியே ஆகவேண்டுமென்றால், அந்தச் சீட்டும் வாரண்டோடு சேர்ந்து போகட்டும்.

ஆடிப்பெருக்குக்கு வந்துவிடு. பெரியப்பா இப்போது மாத்திரையை விடுவதில்லை, சாயங்காலமானால் படித்துறையில் இருப்பார். மேலே நின்று குரல் கொடுத்தால் எழமாட்டார். அப்பாயி போய் 6 வருஷமாகியும் அந்தப் பழக்கம் போகவில்லை. இறங்கிப் போய்த் தோளைத் தொடு.

அன்புடன்,
சித்தப்பா