இரண்டு கிலோ பாஸ் மீனுக்கு எதற்கு இவ்வளவு கனமான செட்? வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்பான வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். செடி மண்டிய நீரில் லார்ஜ்மவுத் பாஸ் (பெரிய வாயுள்ள நன்னீர் வேட்டை மீன்) பிடிக்க செட் கேட்டு வருகிறவர்களிடம் கனமான ராடையும் (தூண்டில் கோல்) 65 பவுண்டு இழுவை தாங்கும் பிரெய்டு (பின்னிய) நரம்பையும் எடுத்து வைத்தால், பலருக்கும் தயக்கம் வருகிறது. "பிடிக்கப்போவது ஒன்றரை, இரண்டு கிலோ மீன்தானே, அதற்கு எதற்கு இவ்வளவு?" என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. அதற்கான பதிலைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறோம்.

பாஸ் நெடுந்தூரம் துரத்தாது; மறைந்திருந்து பாயும். ஹைட்ரில்லா என்னும் நீர்ச்செடியோ ஆகாயத்தாமரையோ பாய் விரித்ததுபோல மேலே மூடிக்கொண்டால் அடியில் வெளிச்சம் குறைந்துவிடும். அங்கே இலை அதிகம் இருக்காது. தண்டுகளுக்கும் வேர்களுக்கும் நடுவே நிழலான இடைவெளி கிடைக்கும். பெரிய மீன் விரும்பி நிற்பது அங்கேதான். தூண்டில் முள் வாயில் ஏறியதும் அது தலையைக் கவிழ்த்துச் செடிக்குள் புகும். நரம்பு தண்டுகளில் இரண்டு சுற்று சுற்றிவிட்டால், மீனோடு ஒரு கட்டு ஈரச் செடியும் சேர்ந்துதான் கரைக்கு வரும். நாங்கள் செட்டைக் கணக்குப் போடுவது அந்தக் கட்டையும் சேர்த்துத்தான்.

அதனால் லூரை (செயற்கை இரையை) பார்ப்பதற்கு முன்னால் நரம்பை முடிவு செய்யுங்கள். சாதாரண தங்கூசி (ஒற்றை இழை நைலான் நரம்பு) நன்றாக நீளும். திறந்த நீரில் அது பரவாயில்லை. செடிக்குள், முள் குத்துவதற்காக நீங்கள் ராடைச் சுண்டும் வேகத்தில் பாதி அந்த இழுபடலிலேயே போய்விடும். பிரெய்டு கிட்டத்தட்ட நீளவே நீளாது. சுண்டிய விசை முள்ளுக்கு நேராகப் போகும், மெல்லிய தண்டுகளையும் அறுத்துக்கொண்டு வரும். அல்லி இலைகள் விட்டுவிட்டுக் கிடக்கும் இடத்துக்கு 50 பவுண்டு போதும். அடர்ந்த இடத்துக்கு 65. பிரெய்டுதானே, 30 பவுண்டு போதாதா என்று நினைக்க வேண்டாம். மெல்லிய பிரெய்டு பலமாக இழுக்கும்போது ரீலின் ஸ்பூலில் (நரம்பு சுற்றிய உருளையில்) கீழ்ச் சுற்றுகளுக்குள் புதைந்துகொள்ளும், அடுத்த வீச்சில் சிக்கும். பிரெய்டு ஸ்பூலில் வழுக்கும் என்பதால் அடியில் கொஞ்சம் தங்கூசி சுற்றிவிட்டு அதன்மேல் ஏற்றுங்கள். முடிச்சுக்குப் பாலோமர் நம்பகமானது. நனைத்து இறுக்குங்கள்.

ராடு ஏழு முதல் ஏழரை அடி, எளிதில் வளையாத ஹெவி பவர், நுனி மட்டும் வளையும் ஃபாஸ்ட் ஆக்‌ஷன். இந்த நீளம் வீச்சுக்காக மட்டும் இல்லை. ஒரே தூக்கில் அதிக நரம்பைக் கிளப்பி, மீனின் தலையை மேலே திருப்ப வேண்டும். திரும்பிய தலையைச் செடிமேலேயே வழுக்கிக் கொண்டுவரலாம். அதற்கு ரீலும் வேகமாக இருக்க வேண்டும். பெய்ட்காஸ்டரில் (ராடின் மேல் பக்கம் உட்காரும் ரீல்) 7:1 வேக விகிதம் அல்லது அதற்கு மேல் எடுங்கள். கைப்பிடியை ஒரு முறை சுற்றினால் ஸ்பூல் ஏழு முறை சுற்றும். டிராக்கை (நரம்பு ஓடுவதைத் தடுக்கும் பிரேக்கை) நன்றாக இறுக்கி வையுங்கள். இங்கே மீனை ஓடவிட்டுக் களைப்பாக்க இடமே கிடையாது.

இனி லூர். மேலே மூடிய செடிக்கு உள்ளீடற்ற ரப்பர் தவளையைத்தான் முதலில் சொல்வோம். இரண்டு முள்ளும் உடம்போடு ஒட்டி மேல்நோக்கி இருப்பதால் செடியில் மாட்டாது. மீன் கவ்வும்போது உடம்பு அமுங்கி முள் வெளியே வரும். வாங்கும்போது விரலால் அமுக்கிப் பாருங்கள், எளிதில் அமுங்காத தவளை வேண்டாம். மீன் அடித்த சத்தம் கேட்டவுடன் சுண்டுவதுதான் பலர் மீனைத் தவறவிடும் இடம். ராடில் எடை தெரியும்வரை ஒரு நொடி பொறுங்கள், அப்புறம் முழு பலத்தோடு சுண்டுங்கள். நடுநடுவே உள்ளே புகுந்த தண்ணீரைப் பிழிந்துவிடவும் மறக்காதீர்கள்.

தவளைக்கு மேலே வராத மீன் கீழேயே நின்றால், கூரையைத் துளைத்துத்தான் இறங்க வேண்டும். ஒரு அவுன்ஸ் முதல் ஒன்றரை அவுன்ஸ் வரை, அதாவது 28 முதல் 42 கிராம் வரை, டங்ஸ்டன் குண்டு இதற்குச் சரி. ஈயத்தைவிட டங்ஸ்டன் அடர்த்தியானது. அதே எடைக்கு உருவம் சிறியது, துளையும் சிறியது போதும். குண்டுக்கு மேலே ரப்பர் ஸ்டாப்பர் போட்டால் குண்டும் ரப்பர் இரையும் பிரியாமல் சேர்ந்து இறங்கும். இரை கட்டையாக, கைகால் குறைவாக இருக்கட்டும். முள் நேரான தண்டுள்ளதாக, தடித்த கம்பியில் இருக்க வேண்டும். பெரும்பாலும் இரை கீழே இறங்கும்போதே மீன் எடுத்துவிடும். நரம்பு திடீரென நின்றாலோ பக்கவாட்டில் நகர்ந்தாலோ உடனே சுண்டுங்கள். இங்கே காத்திருக்க வேண்டாம்.

செடி நீர்மட்டத்துக்குக் கீழேயே நின்றுவிட்டால் இந்தக் கனம் எல்லாம் தேவையில்லை. சற்று இளகிய ராடில் தகடு அதிரும் சாட்டர்பெய்ட்டோ, முன்தகடு (உதடு) இல்லாத மீன் வடிவ கிராங்க்பெய்ட்டோ போட்டு, செடியின் உச்சியை உரசவிட்டு வெட்டி இழுத்தால் போதும்.

கனமான செட்டை நாங்கள் வலியுறுத்துவதற்கு விற்பனை மட்டும் காரணம் இல்லை. நரம்பு அறுந்தால் வாயில் முள்ளோடும் செடியில் சிக்கிய நரம்போடும் அந்த மீன் அங்கேயே மாட்டிக்கொள்ளும். மட்காத பிரெய்டில் பறவைகளும் சிக்கும். அதனால் வெட்டிய துண்டு நரம்பை ஒருபோதும் கரையில் போடாதீர்கள். ஹைட்ரில்லா சின்னத் துண்டிலிருந்தும் முளைக்கும். வேறு நீர்நிலைக்குப் போகும் முன் லூர், படகு, வலை எல்லாவற்றிலும் ஒட்டிய செடியை எடுத்துவிடுங்கள்.

அடுத்த முறை வரும்போது நீங்கள் மீன் பிடிக்கும் இடத்துச் செடியைப் போனில் படம் எடுத்து வாருங்கள். அங்கே எவ்வளவு ஆழம், கரையிலிருந்து வீசுகிறீர்களா படகிலிருந்தா என்பதையும் சொல்லுங்கள். கையில் இருக்கும் ராடையும் கொண்டுவந்தால் நல்லது. அது போதுமா, நரம்பை மட்டும் மாற்றினால் சரியாகுமா என்று பார்த்துவிட்டே புதியதைப் பற்றிப் பேசுவோம்.

அன்புடன்,
உங்கள் தூண்டில் கடையினர்