ஸ்லைடை மறுபடி பார்த்த டாக்டருக்கு

அக்காவின் தைராய்டை எடுத்த பிறகு, பயாப்சியில் பாப்பில்லரி கேன்சர் என்று வந்தது. "இது குணமாகிற வகைதான்" என்று எல்லோரும் தைரியம் சொன்னார்கள். பேத்தாலஜி டாக்டரான நீங்கள் அதோடு விடவில்லை. மறுபக்கத்தில் கடுகளவு இருந்த இன்னொரு கட்டியின் செல்கள் வேறு மாதிரி இருக்கின்றன என்று கால்சிடோனின் என்ற ஹார்மோன் இருந்தால் காட்டிக்கொடுக்கும் சாயம் போட்டுப் பார்த்தீர்கள். பழுப்பாகப் பிடித்தது. தைராய்டிலேயே வரும் வேறொரு வகை, மெடுல்லரி கேன்சர்! மைக்ரோஸ்கோப்பில் என்னையும் பார்க்கச் சொல்லி, "மெடுல்லரி, கால்சிடோனின் சுரக்கும் சி செல்லில் வருவது. பாப்பில்லரி, தைராய்டு ஹார்மோன் சுரக்கும் ஃபாலிகுலர் செல்லில் வருவது. இரண்டும் ஒரே சுரப்பியில் சேர்ந்து வருவது அபூர்வம்மா" என்று பொறுமையாக விளக்கினீர்கள்.

பாப்பில்லரிக்குக் கொடுக்கும் ரேடியோ அயோடின் என்ற கதிரியக்க மருந்து மெடுல்லரிக்கு வேலை செய்யாதாம். நீங்கள் கவனிக்காமல் இருந்திருந்தால் அதை மட்டுமே நம்பி நிம்மதியாக இருந்திருப்போம். நினைத்தாலே பதறுகிறது. இப்போது அக்காவுக்கு ரத்தத்தில் கால்சிடோனின் அளவையும் தொடர்ந்து பார்க்கிறார்கள். இந்த வகை பரம்பரையாகவும் வரலாம் என்பதால் ரெட் (RET) என்ற மரபணுவுக்கான சோதனையும் எடுத்தாயிற்று. அதில் மாற்றம் எதுவும் இல்லை. பிள்ளைகளை நினைத்துத் தூங்காமல் கிடந்த அக்கா அன்றைக்குத்தான் நன்றாகச் சாப்பிட்டாள்.

ரிப்போர்ட்டில் இருக்கும் கையெழுத்தை வைத்து உங்கள் பெயரைக் கண்டுபிடிக்க முடியவில்லை. எப்படியாவது இது உங்கள் கண்ணில் பட வேண்டும். ரொம்ப ரொம்ப நன்றி, டாக்டர்.