ஞாயிறு மாலை ஆறரை மணி

அன்பு மகள் கயலுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்கு முட்டுவலி பரவாயில்லை, மாடிப்படி ஏறுகிறாள். போனில் பேசினால் பத்தாவது நிமிஷம் உனக்கு மீட்டிங் வந்துவிடுகிறது. சொல்ல வந்தது பாதியில் நின்றுபோகிறது. அதனால்தான் பேனா எடுத்தேன்.

போன வாரம் நீ அனுப்பிய ஜப்பான் விளம்பரங்களை எத்தனை தடவை பார்த்திருப்பேன் என்று எனக்கே கணக்கில்லை. "கிறுக்குத்தனமா இருக்கும்ப்பா, ஆனா உங்களுக்குப் பிடிக்கும்" என்று எழுதியிருந்தாய். பிடித்தது. இருபத்திரண்டு வருஷம் கேபிள் நடத்தியவன் நான். லோக்கல் சேனலில் நகைக்கடைக்கும் ஜவுளிக்கடைக்கும் எத்தனையோ விளம்பரம் ஓட்டியிருக்கிறேன். ஒன்றையாவது இரண்டாவது தடவை பார்க்கத் தோன்றியதில்லை.

முதலில் டொயோட்டா விளம்பரத்தைச் சொல்கிறேன். நீல உடுப்பில் ஒரு வெள்ளைக்காரர் நிற்கிறார், முகத்தில் சிரிப்பே இல்லை. அவர்தான் டோரேமான், அந்தக் கார்ட்டூனில் வருகிற நீல ரோபோப் பூனை, என்று நீ கீழே எழுதியிருந்ததைப் படித்த பிறகுதான் எனக்கு விளங்கியது. ஜான் ரெனோ என்ற பிரெஞ்சு நடிகராம். 2011 கடைசியில் வந்த விளம்பரம். இருபது வருஷம் கழித்து, டோரேமானோடு இருக்கிற அந்தச் சின்னப் பையன் நோபிதாவுக்கு முப்பது வயதாகியிருந்தால் எப்படி இருப்பான் என்பதுதான் கதை. நோபிதாவாக சதோஷி சுமாபுகி. முரட்டுப் பையன் ஜியானாக வருகிற நாவோயா ஓகாவா நிஜத்திலேயே ஜூடோ வீரர், 1992 பார்சிலோனா ஒலிம்பிக்கில் வெள்ளி வாங்கியவர். ஆளைத் தேடிப் பிடித்தவர்களுக்கு அந்தக் கார்ட்டூன் மேல் எவ்வளவு பிரியம் இருந்திருக்க வேண்டும்!

முப்பது வயதிலும் நோபிதாவிடம் கார் இல்லை. கூட்டாளி சுனேயோவிடம் இருக்கிறது. நோபிதா வழக்கம்போல டோரேமானிடம் போய் நிற்கிறான். சின்ன வயதில் அவனுக்கு எங்கே வேண்டுமானாலும் திறக்கும் கதவு கிடைத்தது, தலையில் மாட்டிப் பறக்கிற விசிறி கிடைத்தது. இப்போது கிடைப்பதோ டிரைவிங் லைசென்ஸ் எடுக்கச் சொல்லி ஒரு யோசனை. அந்த நாட்டில் இளவட்டங்கள் கார் வாங்குவதை விட்டுவிட்டார்கள் என்று கம்பெனிகள் கவலைப்பட்ட காலம் அது. அந்த வருஷம் மார்ச்சில்தான் நிலநடுக்கமும் சுனாமியும் வந்து போயிருந்தன. மறுபிறப்பு என்ற பெயரில் டொயோட்டா அப்போது நடத்திய விளம்பர வரிசையில் இதுவும் சேர்த்தி. கார் விற்கத்தான் எடுத்தார்கள், அதில் சந்தேகமில்லை. ஆனால் எனக்குக் கார் கண்ணில் படவே இல்லை. நோபிதாவின் முகம்தான் பட்டது.

2005இல் டோரேமான் நம் ஊர் டிவிக்கு வந்தபோது உனக்கு ஆறு வயது. பள்ளிக்கூடம் விட்டதும் நேரே கன்ட்ரோல் ரூமுக்கு வந்து, மானிட்டர் வரிசையில் அது ஓடுகிற பெட்டிக்கு முன்னால் சப்பணம் போட்டு உட்கார்ந்துவிடுவாய். சத்தம் வராது, படம் மட்டும்தான். அவர்கள் என்ன பேசுகிறார்கள் என்று நீயே சொல்லிக்கொண்டிருப்பாய். நான் பாதி நாள் ஏதாவது கம்பத்தில் நிற்பேன். இறங்கி வரும்போது நீ தூங்கிப்போயிருப்பாய். உன்னைத் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு நடந்த நாட்களில் நோபிதா ஐந்தாம் வகுப்பு. நீ ஐந்தாம் வகுப்பு வந்தபோதும் அவன் ஐந்தாம் வகுப்பு. நீ இன்ஜினியரிங் முடித்து ஜப்பானில் நகோயாவுக்கு விமானம் ஏறினபோதும் அவன் அங்கேயேதான் இருந்தான். முதல் தடவையாக அந்த விளம்பரத்தில்தான் அவன் வளர்ந்து பார்த்தேன். தொண்டை அடைத்துக்கொண்டது, பாப்பா.

அதற்கும் முந்தியது ஒன்று அனுப்பியிருந்தாயே, க்ளிகோ சாக்லேட், 2008. அதைப் பற்றித்தான் நிறைய எழுத வேண்டும்.

அதில் வருகிற சசாயே-சான் குடும்பம் எனக்குப் புதிது. நீ சொன்னதை வைத்துத் தேடிப் படித்தேன். மச்சிகோ ஹசெகாவா என்ற பெண்மணி 1946இல் ஃபுகுவோகாவில் ஒரு மாலைப் பத்திரிகைக்கு வரைய ஆரம்பித்த சித்திரக் கதை. 1969 அக்டோபரிலிருந்து டிவியில், ஞாயிறுதோறும் மாலை ஆறரைக்கு, இன்று வரை ஓடுகிறது. உலகத்திலேயே அதிக காலம் ஓடும் கார்ட்டூன் தொடர் என்று கின்னஸில் இருக்கிறது. அந்தக் குடும்பத்தில் எல்லோருக்கும் கடல் பெயர். சசாயே என்றால் சங்கு மாதிரி ஒரு கடல் நத்தை. தம்பி கட்சுவோ நம் சூரை மீன் ஜாதி. அதைக் காயவைத்தால் நம் மாசிக் கருவாடு மாதிரிதான். தங்கை வாகமே கடல்பாசி. சொந்தக்காரக் குழந்தை இகுரா மீன் சினை. அப்பா நமிஹெய்யின் பெயரில் அலை, அம்மா ஃபுனேயின் பெயரில் படகு. திரேஸ்புரத்துக் கரையில் நின்று இதையெல்லாம் வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தேன். அந்தக் குடும்பத்தில் ஒரு கயல்விழி இருந்தால் யாரும் வித்தியாசமாகப் பார்க்க மாட்டார்கள்.

அவர்களுக்கும் வயதே ஆவதில்லை. கட்சுவோவுக்கு என்றைக்கும் பதினொன்று, வாகமேக்கு ஒன்பது. க்ளிகோக்காரர்கள் என்ன செய்தார்கள்? இருபத்தைந்து வருஷத்தை ஒரே தாவாகத் தாண்டி, நிஜ நடிகர்களை வைத்து எடுத்தார்கள். கட்சுவோவாகத் தடனோபு அசானோ, வாகமேயாக ரியே மியாசவா, சசாயேயின் மகன் தராவோவாக எய்தா, பேச்சே வராத கைக்குழந்தை இகுராவாக ஷுன் ஓகுரி. பெரியவர்களும் சாக்லேட் சாப்பிடலாம் என்று சொல்வதற்காக இத்தனையும்.

நீ அனுப்பிய துண்டுகளில் சசாயே இல்லை. நமிஹெய் இல்லை, ஃபுனே இல்லை. நான்கு பேரும் வளர்ந்து நிற்கிறார்கள், பெரியவர்கள் யாரையும் காணோம். எங்கே என்று யாரும் சொல்வதுமில்லை. அந்த நாட்டில் ஞாயிறுதோறும் அந்தக் குடும்பத்தோடு உட்கார்ந்து சாப்பிட்டவர்கள் டிவிக்கு முன்னால் எப்படி இருந்திருப்பார்கள் என்று யோசித்துக்கொண்டே இருந்தேன். அவர்களுடைய அம்மா அப்பாவும் அந்நேரம் ஞாபகத்துக்கு வந்திருப்பார்கள்.

தொழில்காரனாக இதையும் சொல்ல வேண்டும். ஜப்பானில் டிவி விளம்பரம் பெரும்பாலும் பதினைந்து விநாடிதான் என்றாய். பதினைந்து விநாடியில் புது ஆளை அறிமுகம் செய்யவே நேரம் போதாது. ஊரே அறிந்த பிள்ளையைக் கொண்டுவந்தால் முதல் விநாடியிலேயே கதைக்குள் போய்விடலாம். ஐம்பது வருஷம் வேறு யாரோ சேர்த்து வைத்த பாசத்தை இவர்கள் பதினைந்து விநாடியில் எடுத்துச் செலவழிக்கிறார்கள். எடுக்கிறவன் மரியாதையோடு எடுக்க வேண்டும். எனக்கு அதுதான் கணக்கு.

அந்தக் கணக்கில் ஹைடி டியூஷன் விளம்பரம் எனக்கு ஒட்டவில்லை. ஹைடி என்பது மலையில் தாத்தாவோடு வாழும் ஒரு சிறுமியின் கதை, 1974இல் இசாவோ தகஹாதா இயக்கிய ஐம்பத்திரண்டு பகுதிக் கார்ட்டூன் தொடர். படம் வரைவதற்கு முன்னால் சுவிட்சர்லாந்துக்கே போய் மலையையும் வீட்டையும் பார்த்துவிட்டு வந்து உழைத்திருக்கிறார்கள். அதே பழைய காட்சிகளை எடுத்து, குரலை மட்டும் மாற்றி, வீட்டுக்கு வந்து பாடம் சொல்லிக்கொடுக்கும் கம்பெனிக்காகத் தாத்தாவையும் ஆடு மேய்க்கும் பையன் பீட்டரையும் பேச வைத்திருக்கிறார்கள். நீ விழுந்து விழுந்து சிரித்தேன் என்றாய். சிரி, வேண்டாம் என்று சொல்லவில்லை. அந்தத் தாத்தா வாயில் வேறு பேச்சைக் கேட்க எனக்கு மனசு வரவில்லை.

கப் நூடுல்ஸ்காரர்கள் 2017இல் எடுத்தது வேறு மாதிரி. அதிலும் ஹைடி வருகிறாள், சசாயேயும் வருகிறாள். ஆனால் புதிதாக வரைந்து, இந்தக் காலத்து உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைகளாக ஆக்கியிருக்கிறார்கள். இளமை என்பதற்கு ஜப்பான்காரர்கள் நீலம், வசந்தம் என்ற இரண்டு எழுத்தைச் சேர்த்து எழுதுவார்களாமே. விளம்பரத்தின் கடைசி வரி அதை வைத்துத்தான் என்று நீ விளக்கினாய். அந்தச் சசாயேவைப் பார்த்தபோது, கல்யாணமாகிக் குழந்தையோடு நிற்பவளுக்கும் ஒரு பதினேழு வயது இருந்திருக்குமே என்று தோன்றியது. உன் அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். ஒன்றும் சொல்லவில்லை, இன்னொரு தடவை போடுங்க என்றாள்.

இப்போது உன் விஷயத்துக்கு வருகிறேன். ஞாயிறு சாயங்காலம் ஆனால் காரணமில்லாமல் மனசு பாரமாகிறது, அழுகை வருகிற மாதிரி இருக்கிறது என்று போன மாதம் அம்மாவிடம் சொன்னாய். ஆபீசில் கூட இருப்பவர்கள் அதற்குச் சசாயே-சான் நோய் என்றே பெயர் சொல்கிறார்கள் என்றும் சொன்னாய். அந்தத் தொடர் முடிகிற பாட்டு வந்தால் விடுமுறை முடிந்தது, விடிந்தால் வேலை என்று ஒரு நாடே சோர்ந்துபோகிறது. அம்மா அன்று ராத்திரி தூங்கவில்லை. எனக்கு இதையெல்லாம் படித்த பிறகுதான் அது உனக்கு மட்டும் வருகிறதில்லை என்று கொஞ்சம் நிம்மதி.

உங்கள் ஆறரை மணி நமக்கு மத்தியானம் மூன்று. கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டேன். அந்நேரம் எனக்கு ஒரு வேலையும் கிடையாது, சாப்பிட்டு முடித்துத் திண்ணையில்தான் இருப்பேன். ஞாயிறு மூன்று மணிக்கு நானே கூப்பிடுகிறேன். நீ டிவியைப் போட்டுவை. சசாயே என்ன செய்கிறாள், கட்சுவோ என்ன சேட்டை பண்ணுகிறான் என்று எனக்குச் சொல்லு. கன்ட்ரோல் ரூமில் சத்தமில்லாத படத்துக்கு நீ கதை சொன்னாயே, அதே மாதிரி. அம்மாவும் பக்கத்தில் இருப்பாள்.

டோக்கியோ பக்கம் போனால் சகுரா-ஷின்மாச்சி ஸ்டேஷனில் இறங்கு. அங்கே அந்தக் குடும்பத்துக்கே சிலை வைத்திருக்கிறார்கள். நமிஹெய்யின் உச்சந்தலையில் இருக்கும் ஒற்றை முடியை 2012இல் யாரோ பிடுங்கிப் பிடுங்கிக் கொண்டுபோனார்களாம். இப்போது முடி இருக்கிறதா என்று பார்த்து ஒரு போட்டோ அனுப்பு.

மாசிப் பொடியும் பருப்புப் பொடியும் இந்த வாரம் பார்சலில் வருகிறது.

அன்புடன்,
அப்பா
தூத்துக்குடி