பக்தி இருக்கும் இடத்தில் படிப்பு இருக்காதா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் வந்த உயர்கல்விக் கட்டுரையை முதலிலிருந்து கடைசிவரை படித்தேன். நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. மத அமைப்புகள் நடத்தும் சிறிய பல்கலைக்கழகங்களைப் பற்றிய பத்தி வந்ததும், 'அங்கே வேலை பார்ப்பவர்கள் பக்திக்காகப் போனவர்கள், அவர்களிடம் ஆராய்ச்சியை எதிர்பார்ப்பது நியாயமில்லை' என்று ஒரே வரியில் எங்களை முடித்துவிட்டுக் கட்டுரையாளர் அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டார். என்னால் அப்படிப் போக முடியவில்லை. பணிக்காலம் முழுவதும் அப்படி ஒரு பல்கலைக்கழகத்தில் வரலாறு கற்பித்து ஓய்வுபெற்றவள் நான். அதை நடத்துகிறவர்களின் மதம்தான் என் மதமும். அதனால் இந்த வரி எனக்கு இரண்டு பக்கமும் வலித்தது.

1927-இல் பிரபஞ்சம் விரிகிறது என்று கணக்குப் போட்டுக் கட்டுரை வெளியிட்ட ஜார்ஜ் லெமைத்ர் யார் என்று உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. கத்தோலிக்கப் பாதிரியார், பெல்ஜியத்தின் லூவென் கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர். தொலைவில் உள்ள விண்மீன் மண்டலங்கள் அந்தத் தொலைவுக்கு ஏற்ற வேகத்தில் விலகிப் போகின்றன என்பதை ஹப்பிள் விதி என்று உலகம் சொல்லிவந்தது, அதை ஹப்பிள்-லெமைத்ர் விதி என்று சொல்லவேண்டும் என 2018-இல் சர்வதேச வானியல் ஒன்றியத்தின் உறுப்பினர்கள் வாக்களித்துப் பரிந்துரைத்தார்கள். 1951-இல் போப்பாண்டவர் பன்னிரண்டாம் பயஸ் அந்த அறிவியலைக் கடவுளின் படைப்புக்குச் சான்றுபோல எடுத்துப் பேசியபோது அதை விரும்பாதவரும் இதே பாதிரியார்தான். கணக்கைக் கணக்காகவும் ஜெபத்தை ஜெபமாகவும் வைத்துக்கொள்ள அவருக்குத் தெரிந்திருந்தது. இவரும் பக்திக்காகப் போனவர்தானே ஐயா?

லூவென் சிறிய இடம் இல்லை என்பீர்கள். சரி, மரபியலுக்கு அடித்தளம் போட்ட துறவி கிரிகோர் மெண்டலை எடுத்துக்கொள்ளுங்கள். இப்போதைய செக் நாட்டில் இருக்கும் ஒரு மடத்தின் தோட்டத்தில் பட்டாணிச் செடி வளர்த்தவர், பல்கலைக்கழகம்கூடக் கிடையாது. 1866-இல் அவருடைய கட்டுரை அச்சானது. 1868-இல் மடத்துக்குத் தலைவராக்கினார்கள். அப்புறம் நிர்வாக வேலை, அரசோடு வரித் தகராறு, ஆராய்ச்சி அநேகமாக நின்றேபோனது. பக்தி அவரைத் தடுக்கவில்லை. நாற்காலியும் கோப்பும்தான் தடுத்தன.

இதைத்தான் நானும் கண்ணால் பார்த்தேன். எங்கள் துறையில் மூன்றே பேர். பண்டைய கிரேக்கத்திலிருந்து பனிப்போர் வரைக்கும் அந்த மூன்று பேர்தான் நடத்தியாக வேண்டும், முனைவர் பட்டத்துக்கு எதைப் படித்தோமோ அதை நடத்தும் வாய்ப்பு ஏதாவது ஒரு செமஸ்டரில் வந்தால் அது பண்டிகை மாதிரி. காலையில் வகுப்பு, மதியம் வகுப்பு, நடுவில் சேர்க்கைக் குழு, ஒழுங்குக் குழு, நூலகக் குழு, வழிபாட்டுக் குழு, தரமதிப்பீட்டுக்கு ஆள் வருகிறார்கள் என்றால் அந்த வருடம் முழுக்கக் கோப்பு தயாரிக்கிற குழு. பெரிய பல்கலைக்கழகத்தில் இதற்கெல்லாம் தனித்தனி அலுவலகம் இருக்கும், எங்களிடம் நாங்களே அலுவலகம். செலவைக் குறைக்கிறோம் என்று முதலில் கைவைத்தது ஆய்விதழ்ச் சந்தாவில்தான், அதன்பின் ஒரு கட்டுரை வேண்டுமென்றால் வேறு பல்கலைக்கழகத்தில் இருக்கும் பழைய மாணவருக்கு மெயில் போட்டுக் கேட்டு வாங்கவேண்டும். இத்தனைக்கும் நடுவில் ராத்திரியில் உட்கார்ந்து எழுதியவர்கள் எங்களிடம் இருந்தார்கள். அவர்கள் பெயர் எந்தப் பட்டியலிலும் வராது.

பணிச்சுமையைக் குறைத்துத் தாருங்கள், ஒரு செமஸ்டர் ஆய்வு விடுப்பு தாருங்கள் என்று கேட்டுப் போனால் எங்களுக்குக் கிடைத்த பதில் என்ன தெரியுமா? 'நாமெல்லாம் இங்கே சம்பளத்துக்கும் பெயருக்குமா வந்தோம்?' அன்பாகத்தான் சொல்வார்கள், தோளில் கைவைத்துக்கூடச் சொல்வார்கள். என் பக்தியைக் காட்டி என் நேரத்தை எடுத்துக்கொண்டார்கள். உள்ளே நிர்வாகம் சொன்ன அதே வாக்கியத்தை இப்போது வெளியிலிருந்து உங்கள் கட்டுரை சொல்கிறது. பக்திக்காக வந்தவர்களுக்கு ஆராய்ச்சி எதற்கு என்று இருவரும் சேர்ந்தே முடிவு செய்துவிட்டீர்கள். எங்களைக் கேட்கத்தான் யாருமில்லை.

கட்டுரையாளர் தொடவே தொடாத விஷயம் ஒன்று உண்டு, அதுதான் இந்த நிறுவனங்களில் உண்மையான சிக்கல். மத நிறுவனத்துக்கு அதற்கென்று எல்லைகள் இருக்கும், இருக்கட்டும், அதில் எனக்குச் சண்டை இல்லை. ஆனால் அந்த எல்லை எங்கே என்று யாரும் எழுதித் தருவதில்லை. வேலையில் சேரும்போது நிறுவனத்தின் நம்பிக்கைக்கும் மாண்புக்கும் ஏற்ப நடப்பேன் என்று பொதுவாக ஒரு தாளில் கையெழுத்து வாங்கிக்கொள்வார்கள். அந்த மாண்பு ஒரு தலைவர் காலத்தில் ஒன்றாகவும் அடுத்தவர் காலத்தில் வேறொன்றாகவும் இருக்கும். என்னோடு வேலை பார்த்த இளம் ஆசிரியை ஒருவர், வாசிப்புப் பட்டியலில் ஒரு நாவலைச் சேர்த்தார். அதே நாவலை அவருக்கு முன்னால் இருந்தவரும் நடத்தியிருக்கிறார், ஒருவரும் ஒன்றும் சொன்னதில்லை. யாரோ ஒரு பெற்றோர் புகார் எழுதினார்கள், வருடக் கடைசியில் அவருடைய ஒப்பந்தம் நீடிக்கப்படவில்லை. காரணம் எழுத்தில் கிடையாது. கேட்டால் மாணவர் எண்ணிக்கை குறைவு என்றார்கள். அடுத்த மாதமே அந்த இடத்துக்கு ஆள் எடுத்தார்கள். அன்றைக்கு அவர் மேசையைக் காலி செய்துகொண்டிருந்தபோது பக்கத்து அறைக்காரர்கள் கதவைச் சாத்திக்கொண்டதை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

இதற்கு வழி தெரியாமல் இல்லை. அமெரிக்கப் பல்கலைக்கழகப் பேராசிரியர்கள் சங்கமும் அங்குள்ள கல்லூரிகளின் சங்கமும் சேர்ந்து 1940-இல் வெளியிட்ட அறிக்கையிலேயே, மத நோக்கங்களால் கல்விச் சுதந்திரத்துக்கு வரம்பு வைப்பதானால் பணியில் சேர்க்கும்போதே அதைத் தெளிவாக எழுதிக் கொடுக்கவேண்டும் என்று இருக்கிறது. 1970-இல் அதே அறிக்கைக்கு விளக்கம் சேர்த்தபோது, மதச் சார்புள்ள நிறுவனங்களில் பெரும்பாலானவற்றுக்கு அப்படிப்பட்ட வரம்பே இனித் தேவைப்படவில்லை, நாங்களும் அதை ஆதரிக்கவில்லை என்றார்கள். எழுதிக் கொடுங்கள் என்கிற அந்த அளவுக்காவது எத்தனை இடங்கள் வந்திருக்கின்றன என்று உங்கள் நிருபர் ஒருவர் விசாரித்து எழுதியிருந்தால் நான் கைகூப்பியிருப்பேன்.

விவரம் தெரிந்த உங்களுக்கு வாஷிங்டனில் உள்ள அமெரிக்கக் கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்துப் பாதிரியார் சார்லஸ் கரன் கதை நினைவிருக்கும். கருத்தடை பற்றிய அவருடைய கருத்துகளுக்காக 1967-இல் அவரைப் பணியில் நீட்டிக்க மறுத்தபோது மாணவரும் ஆசிரியரும் வகுப்பைப் புறக்கணித்தார்கள், சில நாளிலேயே நிர்வாகம் முடிவை மாற்றிக்கொண்டது. 1986-இல் அவர் கத்தோலிக்க இறையியல் கற்பிக்கத் தகுதியற்றவர் என்று வத்திக்கான் சொன்னது, அவர் போட்ட வழக்கில் 1989-இல் நீதிமன்றமும் பல்கலைக்கழகத்தின் பக்கமே நின்றது. ஊரறிந்த இறையியலாளருக்கே இந்த நிலை. யெஷிவா பல்கலைக்கழகம் யூதர்களுடையது, அதன் ஆசிரியர்கள் தொழிற்சங்கம் வைக்கக் கேட்டபோது 1980-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில், நீங்களே நிர்வாகத்தில் பங்கெடுக்கிறவர்கள் ஆயிற்றே, தொழிலாளர் சட்டத்தின் பாதுகாப்பு உங்களுக்கு இல்லை என்று தீர்ப்பளித்தது. குழுக்குழுவாக உட்கார்ந்து கோப்பு பார்த்தேனே, என்னையும் நிர்வாகி என்றுதான் சொல்வார்களோ என்று அதைப் படித்தபோது நினைத்தேன். ஒரு முடிவிலாவது எங்கள் பேச்சு எடுபட்டிருந்தால் ஒப்புக்கொள்ளலாம்.

இவ்வளவு சொன்னதால் அந்த இடத்தை நான் வெறுத்தேன் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். வேறு இடத்துக்குப் போகும் வாய்ப்பு வந்தும் நான் போகவில்லை. வகுப்பில் இருக்கும் அத்தனை பேரையும் பெயர் சொல்லிக் கூப்பிட முடிந்தது. கடவுள் நம்பிக்கையே போய்விட்டது, வீட்டில் சொல்ல முடியவில்லை என்று ஒரு மாணவன் என் அறைக்கு வந்து உட்கார்ந்திருக்கிறான், இருட்டும்வரை பேசியிருக்கிறோம், அவனைத் திருத்தவேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை, கேட்கவேண்டும் என்றுதான் தோன்றியது. உயிரியல் துறையில் பரிணாமம் நடத்தியதற்காகக் கடிதம் வந்தபோது துறைக்கு முன்னால் வந்து நின்றவர் யார்? துறவற சபையைச் சேர்ந்த எங்கள் முதல்வர்தான். அவரே வேதியியல் படித்தவர். பாடத்திட்டத்தில் உள்ளது முழுதாக நடக்கும் என்று அந்தப் பெற்றோருக்கு அவரே பதில் எழுதினார். அவர் மாறுதலாகிப் போனபின் அப்படி ஒரு பதில் வரவில்லை. ஒரு நல்ல மனிதர் இருந்தால் சுதந்திரம், போய்விட்டால் பயம். அதனால்தான் எழுத்தில் வேண்டும் என்கிறேன்.

உங்கள் பத்திரிகை மேல் எனக்குப் பழைய வருத்தங்களும் உண்டு, இவ்வளவு எழுதியபின் அதையும் சொல்லிவிடுகிறேன். எங்களைப் போன்ற இடங்களைப் பற்றி எது எழுதினாலும் வழிபாட்டுக் கூடத்தின் படத்தைத்தான் போடுகிறீர்கள், எங்களிடம் ஆய்வகமும் நூலகமும் உண்டு. தரவரிசையை வெளியிடும்போது கட்டுரை எண்ணிக்கையைப் பார்க்கிறீர்கள், ஒருவர் எத்தனை பாடம் நடத்துகிறார் என்று பார்ப்பதில்லை. அமெரிக்காவில், போர்ட்லண்டில் லூத்தரன் சபையின் கன்கார்டியா பல்கலைக்கழகம் 2020-இல் மூடப்பட்டது, கத்தோலிக்க அருட்சகோதரிகள் 1957-இல் தொடங்கிய கப்ரினி பல்கலைக்கழகம் 2024-இல் மூடப்பட்டது, 1842 முதல் இருந்த, மெதடிஸ்ட் சபையைச் சார்ந்த அயோவா வெஸ்லியன் பல்கலைக்கழகம் 2023-இலேயே போய்விட்டது. இதெல்லாம் உங்கள் பக்கங்களில் வரவுசெலவுச் செய்தியாகத்தான் வந்தது. ஐம்பது வயதுக்கு மேல் வேலை போன ஒரு தத்துவ ஆசிரியர் எங்கே போவார், பாதிப் படிப்பில் நின்ற மாணவரை யார் சேர்த்துக்கொண்டார்கள் என்று ஒரு வரி உண்டா?

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. அந்த வரிக்கு ஒரு திருத்தம் போடுங்கள், சிறிய எழுத்தில் போட்டாலும் போதும். ஆண்டுதோறும் நீங்கள் வெளியிடும் உயர்கல்வி அட்டவணையில் ஒரு கட்டம் கூடுதலாகச் சேருங்கள்: ஆசிரியர் பணியில் சேரும்போது மதம் சார்ந்த வரம்புகளை எழுத்தில் தருகிறார்களா, ஆம் அல்லது இல்லை. கேள்வி அனுப்பினால் பதில் தராத நிறுவனத்துக்கு நேரே பதில் தரவில்லை என்றே போட்டுவிடுங்கள். வேலை தேடும் பிள்ளைகள் அதைப் பார்த்துக்கொள்வார்கள்.

கடிதம் நீண்டுவிட்டது, இடம் போதாவிட்டால் எதை வேண்டுமானாலும் வெட்டுங்கள், அந்தக் கட்டத்தைப் பற்றி எழுதியதை மட்டும் வெட்டவேண்டாம். இன்னும் அங்கே வேலை பார்ப்பவர்களுக்குத் தொல்லை வரக்கூடாது என்பதால் என் பெயரை வெளியிடாதிருக்கக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வரலாற்றுப் பேராசிரியை ஒருவர்