மூவர் பிடித்து நடந்த பாவை: ஒரு நன்றி மடல்

அன்புடையீர்,

இலங்கை மலையகத்தில் ஹட்டனுக்கு அருகே எங்கள் தேயிலைத் தோட்டத்தின் பழைய பிள்ளைக் காம்பராவில் (குழந்தைகள் காப்பகத்தில்) 10 நாட்கள் நடந்த பாவை நாடகப் பயிற்சிக்குத் துணைநின்ற அனைவருக்கும், எங்கள் குழுவின் சார்பில் இந்த மடலை எழுதுகிறேன்.

ஒரே பாவையை மூவர் இயக்கும் ஜப்பானியப் புன்ராகு முறையைக் கற்பித்த வளவாளர்களுக்கு (பயிற்றுநர்களுக்கு) முதல் நன்றி. அதில் தலையும் வலக்கையும் ஒருவருக்கு, இடக்கை இன்னொருவருக்கு, கால்கள் மூன்றாமவருக்கு. கால்களுக்கு 10 ஆண்டுகள், இடக்கைக்கு 10 ஆண்டுகள் என்று அந்த மரபில் சொல்வார்கள். எங்களுக்குக் கிடைத்த சில நாட்களிலும் தொடக்க நாட்களில் பாவையைத் தொடவே விடாமல், மூவரும் ஒரே மூச்சில் நடக்கவும் உட்காரவும் பழக்கியபோது எங்களில் சிலர் முணுமுணுத்தோம் (நானும்தான்). அதற்கு மன்னிப்பும் கேட்டுக்கொள்கிறோம்.

கொழுந்து பறிக்கும் பெண்ணையே பாவையாகச் செய்திருந்தோம். மலையில் வேலை செய்து ஓய்வுபெற்ற பாட்டி ஒருவர் ஒத்திகையைப் பார்த்துவிட்டு, "வெறுங்கூடைக்காரி மாதிரில்ல நடக்குறா!" என்றார். நிறைந்த கூடையின் கயிறு தலையை இழுக்கும்போது கழுத்து எப்படி முன்சாயும், சரிவில் முழங்கால் எப்படி மடியும் என்பதை அவரே நடந்து காட்டினார். கைகள்தான் எங்களை அதிகம் வாட்டின. கொழுந்து பறிப்பவருக்கு இரு கைகளும் ஓயாமல் சேர்ந்து ஓடும். எங்கள் பாவையின் கைகளோ இருவர் வசம் இருந்தன. தலையைப் பிடித்தவர் காட்டும் மெல்லிய அசைவை இடக்கைக்காரர் உணர்ந்து தொடர வேண்டும். காமன் கூத்து வாத்தியார் தப்பு மேளத்தோடு வந்து அமர்ந்து, மாசியில் ரதிக்கும் மதனுக்கும் அடிக்கும் தாளத்தைத் தளர்த்தி அடித்த பிறகே அது கைகூடியது. கால்களைப் பிடித்தவர் முழந்தாளிட்டபடி அந்த அடிக்குப் பாதம் வைத்தபோதுதான் எங்கள் பாவைக்குக் கனம் வந்தது.

2018இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த ரூகட நாட்டிய என்ற சிங்கள நூல்பாவை மரபைச் சேர்ந்த ஒரு கலைஞர் அம்பலாங்கொடையில் இருந்து வந்தார். அவருக்குத் தமிழ் தெரியாது, எனக்குச் சிங்களம் அரைகுறை. நூலைச் சற்று அதிகம் தூக்கினால் பாவை மிதக்கும், தளர்த்தினால் முழங்கால் துவளும் என்பதை அவர் விரல்களே சொல்லிவிட்டன.

காம்பராவைத் திறந்து தந்த தோட்ட நிர்வாகத்துக்கும், மாலைதோறும் ரொட்டியும் சம்பலும் அனுப்பிய வீடுகளுக்கும் நன்றி. மழையில் நனைந்து நெகிழ்ந்த கடதாசிக்கூழ்த் தலையை இரவு முழுதும் அடுப்படியில் வைத்து உலர்த்திக் கொடுத்த லயத்து (தோட்டத்து வரிசை வீட்டு) குடும்பத்தை மறக்க முடியாது. மூக்கு சற்றுக் கோணிவிட்டது; முகத்துக்கு அதுவே பொருந்தியதால் திருத்தவில்லை.

பிரட்டுக் களத்தில் (காலையில் வேலைக்கு ஆட்களைக் கூட்டும் திடலில்) நாடகம் முடிந்ததும் அந்தப் பாட்டி எழுந்து வந்து, பாவையின் தலைக் கயிற்றைச் சற்றுப் பின்னுக்கு நகர்த்திவிட்டுப் போனார். அடுத்த முறை அங்கேயே கட்டுகிறோம், பாட்டி.

நன்றியுடன்,
குழுவின் சார்பில், கால்களைப் பிடித்தவன்