பழைய மாணவர் சங்கங்களே, அடுத்த பதாகையை அடிக்க முதல்

வன்னிப் பாடசாலைகளின் பழைய மாணவர் சங்கத்தினருக்கு, ஊரில் இருப்பவர்களுக்கும் லண்டன், ரொறன்ரோ, சூரிச் கிளைகளில் இருப்பவர்களுக்கும் சேர்த்துத்தான்,

வணக்கம். முல்லைத்தீவு மாவட்டத்தில், ஒட்டுசுட்டானுக்கு உள்ளே ஒரு கிராமத்தில் பின்னேரங்களில் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுக்கிறவன் நான். சம்பளம் இல்லை, அதனால் பயமும் பெரிதாக இல்லை. நீங்கள் அனுப்பிய காசில் கதிரை வந்தது, தண்ணீர்த் தாங்கி வந்தது, அதை இங்கே ஒருவரும் மறக்கவில்லை. நான் எழுத வந்தது, புதிதாக நடத்தத் தொடங்கியிருக்கிற தன்னம்பிக்கைக் கருத்தரங்கு பற்றியும், பெறுபேறு வந்த கையோடு கேற்றில் கட்டுகிற பதாகை பற்றியும்.

கருத்தரங்குக்கு வருகிறவர் நன்றாகத்தான் பேசுகிறார். "உன்னால் முடியும்" என்று பிள்ளைகளை எழுப்பிவிட்டுக் கைதட்ட வைக்கிறார். அப்புறம் பிள்ளைகள் வெளியே வருகிறார்கள், கேற்றில் 5ஆம் தரப் புலமைப்பரிசிலில் வெட்டுப்புள்ளிக்கு மேல் எடுத்த இரண்டு மூன்று பேரின் படம் தொங்குகிறது. அது வெயிலில் வெளிறிக் கிழிகிற வரைக்கும் மற்றவர்கள் தினமும் அதன் கீழால்தான் வகுப்புக்குப் போக வேண்டும். இரண்டில் எது மனதில் பதியும் என்று நீங்களே சொல்லுங்கள். இத்தனைக்கும் அந்தப் பரீட்சை உதவிப்பணத்துக்கும் வேறு பாடசாலை அனுமதிக்கும் பிள்ளைகளைத் தெரிந்தெடுப்பதற்கு வைத்தது. பத்து வயதுப் பிள்ளைக்கு மூளை இருக்கிறதா இல்லையா என்று தீர்ப்புச் சொல்வதற்கு வைத்ததல்ல.

என்னிடம் வருகிற ஒரு பெடியனைப் பற்றிச் சொல்கிறேன். கொப்பியின் முதல் பக்கத்தில் "எனக்குக் கணக்கு வராது" என்று அவனே எழுதி, கீழே கோடும் போட்டிருக்கிறான். ஒரு பின்னக் கணக்குப் பிழைத்தால் பேனையை மூடிவிடுவான், அவ்வளவுதான். அதே பெடியன் மாமாவின் வோட்டர் பம்ப் நின்றால் பிளக்கைக் கழற்றித் துடைத்துப் பார்க்கிறான், சரிவரவில்லை என்றால் காபரேற்றரைக் கழற்றுகிறான், அதுவும் இல்லை என்றால் எண்ணெய்க் குழாயை ஊதிப் பார்க்கிறான், பொழுதுபட்டாலும் விடமாட்டான். சிறுபோகப் பயிருக்குத் தண்ணீர் போக வேண்டும், அதுதான் அவனுடைய கவலை. பம்ப் இயங்காவிட்டால் "நீ மொக்கன்" என்று அங்கே யாரும் சொல்வதில்லை, "அடுத்ததைப் பார்" என்கிறார்கள். வகுப்பறையில் இதற்கு நேர்மாறு. அங்கே பிழை என்றால் அவன்தான் பிழை. ஒரே ஆள், ஒரே பிள்ளை, ஆனால் ஒரு இடத்தில் பொறுமைசாலி, இன்னொரு இடத்தில் சோம்பேறி என்று பெயர் எடுத்தவன். குணம் பிறவியிலேயே வருவது என்று சொல்கிறவர்கள் இதற்கு என்ன சொல்வார்கள் என்று எனக்குத் தெரியாது.

பதாகையில் ஏறிய பிள்ளைகள் தப்பினார்கள் என்று நினைக்க வேண்டாம். படம் போட்ட ஒரு பிள்ளை இப்போது 8ஆம் தரம். கொப்பியை இடது கையால் மறைத்துக்கொண்டுதான் எழுதுவாள். விடை பிழைத்தால் தாள் கிழிகிற அளவுக்கு அழிறப்பரால் தேய்ப்பாள். கடினமான கணக்குக் கொடுத்தால் "இது எங்களுக்கு இன்னும் படிப்பிக்கவில்லை" என்று தள்ளிவிடுவாள். ஊரே கெட்டிக்காரி என்று சொல்லிவிட்டதால், அந்தப் பெயரைக் காப்பாற்றுவதே அவளுக்கு வேலையாகிவிட்டது. புதிதாக ஒன்றைப் படிக்க வேண்டும் என்பது எப்போதோ இரண்டாம் பட்சமாகிவிட்டது.

இது என் கற்பனை இல்லை. அமெரிக்காவில் கிளோடியா முல்லர், கரோல் டுவெக் என்ற இரண்டு உளவியலாளர்கள் 1998இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இருக்கிறது, பிள்ளைகளும் கிட்டத்தட்ட எங்கள் புலமைப்பரிசில் வயதுதான். முதலில் எல்லோருக்கும் சில புதிர்கள் கொடுத்தார்கள். சிலரிடம் "நீ கெட்டிக்காரன்" என்றார்கள், சிலரிடம் "நன்றாக முயற்சி செய்திருக்கிறாய்" என்றார்கள். வித்தியாசம் அந்த ஒரு வசனம்தான். கெட்டிக்காரன் என்று கேட்டவர்களில் பெரும்பாலானோர் அடுத்து, தங்களைக் கெட்டிக்காரராகக் காட்டக்கூடிய வேலையையே தெரிந்தெடுத்தார்கள். முயற்சிக்குப் பாராட்டு வாங்கியவர்களில் பெரும்பாலானோர் ஏதாவது கற்றுக்கொள்ளக்கூடியதைக் கேட்டார்கள். பிறகு எல்லோரையும் கடினமான புதிரில் சறுக்க வைத்துவிட்டு, மறுபடியும் முதல்தரம் போலவே கொடுத்தபோது முதல் கூட்டம் கீழே இறங்கியது, மற்றக் கூட்டம் மேலே ஏறியது. இன்னொன்றும் உண்டு. வேறு பாடசாலைப் பிள்ளை ஒருவருக்குத் தங்கள் புள்ளியைப் பெயர் போடாமல் எழுதச் சொன்னபோது, கெட்டிக்காரர் என்று பாராட்டப்பட்டவர்களில் கிட்டத்தட்ட 40 வீதமானோர் பொய்ப் புள்ளி எழுதினார்கள்.

இதை வைத்துக்கொண்டு "மனப்பாங்கை மாற்றினால் எல்லாம் சரி" என்று இன்னொரு கருத்தரங்கு வைத்துவிடாதீர்கள். 2019இல் அதே அமெரிக்காவில் சுமார் 12,000 மாணவர்களுடன் பெரிய ஆய்வு செய்து பார்த்தார்கள். மூளையின் திறமை வளரக்கூடியது என்று ஒரு மணித்தியாலத்துக்கும் குறைவாகச் சொல்லிக் கொடுத்ததில், பின்தங்கிய பிள்ளைகளின் சராசரிப் புள்ளி கூடியது, ஆனால் உச்சப் புள்ளி நாலு என்கிற அவர்களுடைய அளவுகோலில் வெறும் 0.1தான். அதுவும் கூடப் படிக்கிறவர்கள் கடினமான வேலையை விரும்புகிற பாடசாலைகளில்தான் நன்றாகப் பலித்தது. அதாவது பேச்சு மட்டும் போதாது, சுற்றுப்புறமும் அதையே சொல்ல வேண்டும்.

எங்கள் சுற்றுப்புறம் என்ன சொல்கிறது? கணித ஆசிரியர் இடமாற்றம் வாங்கிப் போய்விட்டால் மாதக்கணக்கில் பாடமே நடக்காத வகுப்புகள் இங்கே உண்டு. அந்த வகுப்பில் போய் "நம்பு, வெல்லுவாய்" என்று சொல்வது, கோபித்துக்கொள்ளாதீர்கள், பிள்ளையை ஏமாற்றுவது. தோற்றால் "நான் சரியாக நம்பவில்லை" என்று அதற்கும் தன்னையே குற்றம் சொல்லும்.

2009இல் போரால் இடம்பெயர்ந்து வவுனியா முகாம்களில் இருந்து உயர்தரம் எழுதிய பிள்ளைகளை மேடையில் அடிக்கடி உதாரணம் காட்டுகிறீர்கள். காட்டுங்கள், அவர்கள் பெருமைக்குரியவர்கள்தான். ஆனால் அந்த முகாம்களில் கூடாரத்துக்குள் வைத்துப் பாடம் எடுத்த ஆசிரியர்களையும் அதே மூச்சில் சொல்லுங்கள்.

சரி, என்னதான் கேட்கிறேன்? பதாகைக்கும் பேச்சாளருக்கும் செலவழிப்பதை ஒரு வருடத்துக்கு வேறு பக்கம் திருப்பிப் பாருங்கள். தவணைப் பரீட்சை வினாத்தாளைத் திருத்திக் கொடுத்த பிறகு, பிழைத்த கணக்குகளை மாத்திரம் பிள்ளைகள் திரும்பச் செய்கிற ஒரு பின்னேர வகுப்பு, அதற்கு ஒரு ஆசிரியரின் பயணச் செலவு, கொஞ்சம் போட்டோக்கொப்பி, கடைசி பஸ்ஸைத் தவறவிட்ட பிள்ளைகளுக்கு ஓட்டோக் காசு. பரிசளிப்பு விழாவில் முதலாம் பிள்ளைக்குக் கொடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை, கூடவே 22இல் இருந்து 41க்கு வந்த பிள்ளையையும் மேடைக்குக் கூப்பிடுங்கள். ரொறன்ரோவில் இருக்கிற அண்ணன்மார் சூம் வகுப்பு எடுத்தால் நல்லது, ஆனால் நீங்கள் பல்கலைக்கழகம் போன கதையைக் குறைத்து, எந்தப் பாடத்தில் எப்படிக் கோட்டைவிட்டீர்கள், பிறகு எப்படிப் பிடித்தீர்கள் என்று சொல்லுங்கள். கிளிநொச்சி அறிவியல்நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடம் இருக்கிறது, வவுனியா வளாகம் 2021இல் தனிப் பல்கலைக்கழகமாகிவிட்டது. அந்தக் கட்டடங்களுக்குள் இந்தப் பிள்ளைகளை ஒரு நாள் கூட்டிக்கொண்டு போவதற்கு ஒரு பஸ் வாடகைதானே ஆகும்.

அடுத்த பொதுக்கூட்டத்தில் இதை எடுப்பீர்களானால் நானும் வருகிறேன். முடிந்தால் ஞாயிற்றுக்கிழமை வையுங்கள், மற்ற நாட்களில் பின்னேரம் எனக்கு வகுப்பு.