ஓரத்து ஸ்பீக்கருக்கு ஒன்றேகால் வாட்

அன்புள்ள சேகர்,

இங்கே எல்லோரும் நலம். வசந்தியின் முழங்கால் வலி தேவலை. பையனின் கல்யாணப் பேச்சை நேரில் சொல்கிறேன். இப்போது உன்னிடம் கொட்டித் தீர்க்க வேண்டியது வேறு.

எங்கள் சங்க மண்டபம் உனக்குத் தெரியும். பெருமாள் சார் பாராட்டு விழாவில் நாலாவது வரிசைக்குப் பின்னால் ஒருவருக்கும் ஒரு சொல்லும் விளங்காத அதே தகரக் கூரை. அங்கிருக்கும் நெட்டை ஸ்பீக்கர் பெட்டிகளைச் சீர்செய்யும் பொறுப்பை என்னிடம் கொடுத்தார்கள். ஒரு பெட்டிக்குள் நாலங்குல ஸ்பீக்கர் எட்டு, 12 சென்டிமீட்டருக்கு ஒன்றாக. ஒவ்வொன்றுக்கும் தனி லைன் டிரான்ஸ்பார்மர்; எந்த முனையில் ஒயரைப் பற்றவைக்கிறோமோ அத்தனை வாட்தான் அந்த ஸ்பீக்கருக்குப் போகும். எல்லாமே 10 வாட் முனையில் இருந்தன.

1,000 ஹெர்ட்ஸுக்குக் கணக்குப் போட்டேன். ஒலி நேர் எதிரே குவிந்து பாயும் முதன்மைக் கற்றை, மேல்கீழாக 18 டிகிரி அகலம். அழகாக ஆட்கள் மேல் விழுகிறது. ஆனால் மேலே 31 டிகிரியில் ஒன்று, கீழே 31 டிகிரியில் ஒன்று என்று இரண்டு பக்கமடல்கள், அதாவது வேண்டாத திசையில் கசியும் ஒலி. ஒலியழுத்தத்தில் முதன்மை மடலின் கால் பங்குக்குச் சற்றுத்தான் குறைவு! மேலே போவது தகரத்தில் மோதித் திரும்புகிறது. கீழே வருவது மேடைக்கு முன்னால் கேள்வி கேட்பவர்களுக்காக வைத்திருக்கும் மைக்கில் புகுகிறது. ஊளையிடாமல் என்ன செய்யும்?

எட்டும் ஒரே பலத்தில் ஒலித்து விளிம்பில் சட்டென்று அறுந்துபோவதுதான் வினை. ஹானிங், ஹாமிங் என்று தேர்வுக்கு உருப்போட்டோமே, நடுவில் உயர்ந்து ஓரத்தில் மெல்லத் தாழும் அந்தச் சாளரச் சார்புகளுக்கு இங்கேதான் வேலை. நேரத்தின் இடத்தில் நீளம், அதிர்வெண்ணின் இடத்தில் கோணம், கணிதம் அதேதான். 1946-இல் டால்ஃப் ஆன்டெனாக்களுக்காகச் செபிஷேவ் பல்லுறுப்புக் கோவைகளைக் கொண்டு போட்ட கணக்குப்படி, பக்கமடலை 26 டெசிபெல் தாழ்த்த எட்டு மூலங்களின் வீச்சு நடுவிலிருந்து ஓரத்துக்கு 3.1, 2.6, 1.7, 1 என்று இறங்க வேண்டும். வாட் என்பது வீச்சின் வர்க்கத்தைப் பொறுத்தது; என் டிரான்ஸ்பார்மரில் இருக்கும் 10, 5, 2.5, 1.25 வாட் முனைகள் அதற்கு ஓரளவு கிட்டே வருகின்றன. பெட்டியைத் திறந்து, நடு ஜோடியை அப்படியே விட்டு, மற்ற ஒயர்களை ஒவ்வொரு முனையாக இறக்கிப் பற்றவைத்தேன். கடைக்கோடி இரண்டுக்கும் ஒன்றேகால் வாட்தான். பக்கமடலின் ஒலியழுத்தம் முதன்மை மடலில் பத்தில் ஒரு பங்காகிவிட்டது. அதாவது 20 டெசிபெல் கீழே. கற்றை 23 டிகிரியாக விரிந்தது. அது கொடுத்தே ஆக வேண்டிய விலை.

சேகர், இதை எழுதும்போதுதான் காதங்கி நினைவுக்கு வருகிறது. திருப்பதி பக்கத்தில், வளிமண்டல அடுக்குகளை ஆராயும் அந்த எம்எஸ்டி ரேடார். வரிசைக்கு 32 யாகி வீதம் 1,024 யாகி ஆன்டெனாக்கள், 53 மெகாஹெர்ட்ஸ். நீ வெயிலில் முனகிக்கொண்டே நடந்தாய். அப்போது அங்கிருந்த 32 டிரான்ஸ்மிட்டர்களுக்கும் ஒரே சக்தி இல்லை. நடுவில் 120 கிலோவாட், ஓரத்தில் 15. எட்டுக்கு ஒன்று. என் மரப்பெட்டியிலும் பத்துக்கு ஒன்றேகால், எட்டுக்கு ஒன்று! அங்கேயும் முதல் பக்கமடல் 20 டெசிபெல் கீழேதான் இருந்தது. வளிமண்டலத்தைத் துருவும் கருவியும் எங்கள் ஊர் ஸ்பீக்கரும் ஒரே விதிக்குக் கட்டுப்பட்டிருப்பதை நினைத்தால் எனக்கு இன்னும் மெய்சிலிர்க்கிறது.

ஆனால் நிர்வாகக் குழு ஒப்பவில்லை. 80 வாட் பெட்டியை 37.5 வாட் ஆக்கிவிட்டேனாம். பொருளாளர் மீட்டரோடு வந்து அளந்தார். நேர் எதிரே சத்தம் சுமார் 4 டெசிபெல் குறைந்தது உண்மைதான். ஆம்பிளிஃபயரைத் திருகினால் நடு ஸ்பீக்கர்கள்தான் முதலில் கிழியும் என்பதும் உண்மை. ஆனால் கடைசி வரிசையில் உட்கார்ந்து கேட்டுப் பாருங்கள் என்றால் எழுந்து வர மறுக்கிறார்கள். சத்தத்துக்கும் தெளிவுக்கும் வேறுபாடு தெரியாதவர்கள் கையிலா மண்டபம் இருப்பது? எட்டையும் பழையபடி 10 வாட்டுக்கு மாற்றச் சொல்லி அடுத்த கூட்டத்தில் தீர்மானம் வரப்போகிறது. எனக்கு இரண்டு நாளாகச் சோறு இறங்கவில்லை.

இன்னொரு கவலையும் இருக்கிறது. 2,900 ஹெர்ட்ஸ் வாக்கில் அலைநீளம் 12 சென்டிமீட்டராகிவிடுகிறது. அதற்குமேல் முதன்மைக் கற்றைக்கு நிகரான மடல்கள் நேர் மேலும் கீழும் முளைக்கின்றன. அவற்றை எந்தச் சாளரமும் அடக்காது. ‘ச’வும் ‘ஸ’வும் அந்தப் பக்கம்தானே வாழ்கின்றன? நடுவில் சின்ன ட்வீட்டர்களை நெருக்கமாக வைத்து, உயர் அதிர்வெண்ணை அவற்றுக்குப் பிரித்துவிடலாம் என்று நினைக்கிறேன். இடைவெளி எவ்வளவு வரை போகலாம், நீ கணக்குப் போட்டு எழுது. கூட்டம் வரும் ஞாயிறு, காலை பத்து மணி. முடிந்தால் சனியன்றே பஸ் ஏறி வந்துவிடு. நீ பேசினால் பொருளாளர் கேட்பார். அவர் உன் தாய்மாமன் ஊர்க்காரர்.

அன்புடன்,
ராமு